எது முதலில் ஊசுமோ அது முதலில்

போன மாதம் நம் ஸ்கூல் செட்டில் ஒருத்தியின் கல்யாணத்துக்குச் சின்னசேலம் ரோட்டு மண்டபத்துக்குப் போனோமே, அங்கே இரண்டாம் பந்தியில்தான் இது எனக்குள் வந்து விழுந்தது. நீங்களெல்லாம் மேடையோரம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தீர்கள். நான் என் அம்மாவோடு சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். இலையின் ஓரத்தில் ஜாங்கிரி, அதன்மேல் சாய்ந்தபடி ஒரு பாதுஷா. சோறு முடிந்ததும் பாயச வாளியோடு வந்தவர் அம்மாவின் இலைமேல் கரண்டியை நீட்டினார். அம்மா சட்டென்று இரண்டு கையையும் இலைமேல் கவிழ்த்து மூடினாள்.

"வேணாங்க."

"கொஞ்சூண்டு ஊத்திக்கம்மா. கல்யாணச் சாப்பாடு, வேணான்னு சொல்லக் கூடாது."

"வேணான்னா வுடுங்க. எனக்கு அந்த வாடையே ஆவாது."

அவர் போய்விட்டார். நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்து நாலு வயதாகிறது. இத்தனை வருஷத்தில் "நீங்க துன்னுங்க, எனக்கு அப்பறம்" என்று அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு தின்பண்டத்தைப் பார்த்து அவள் மூக்கு சுருங்கி, உதடு கோணி, தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்ததே இல்லை. எனக்குக் கல்கண்டு சாதத்தைப் பார்த்தால் எப்படி இருக்குமோ, அச்சு அசல் அதே முகம்.

அந்த நொடியில்தான், பத்து வருஷமாக நான் வாயிலும் பேனாவிலும் வராமல் பார்த்துக்கொண்ட ஒரு ஆங்கிலத் தொடர் தானாக எழுந்து வந்தது. டூ மச் ஆஃப் எ குட் திங். நல்லதேதான், ஆனால் அளவு மீறி மீறி, கடைசியில் அதுவே தொல்லையாகிப் போவது. கள்ளக்குறிச்சியில் நான் நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இருநூறு தொடர்களாவது சொல்லிக்கொடுக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் பக்கத்தோடு தாண்டிப் போய்விடுவேன். பிள்ளைகள் கேட்டால், "அது பரீட்சைக்கு வராது" என்று பொய் சொல்வேன்.

அதே வாரம்தான் நம் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. இங்கிலீஷ் சாருக்குப் பணி நிறைவு விழா, ஆளுக்கு ஒரு பக்கம் பழைய நினைவை எழுதித் தரவேண்டும் என்று. இருபத்து நாலு வயதில் என்ன பழைய நினைவு என்று நமக்குள்ளேயே சிரித்துக்கொண்டோம். எனக்கு ஒரு மாசி மாதம் இருக்கிறது. எழுதுகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள்.

அம்மா இலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே மண்டபத்தின் பின்கட்டில்தான் அவள் பாத்திரம் கழுவினாள். நம்மில் ரொம்பப் பேருக்கு இது தெரியாது. என் அம்மா கூலி வேலைக்குப் போகிறாள் என்றுதான் தெரியும். காட்டு வேலை இல்லாத தை, மாசி, பங்குனியில் அவள் மண்டபத்துக்குப் போவாள். அப்பா அந்த மாதங்களில் கரும்பு வெட்டப் போய்விடுவார். ஆலைப் பக்கமே கொட்டகை போட்டுத் தங்குவார்கள். வீட்டில் நானும் தங்கச்சியும்தான். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷனுக்குப் போகும் அம்மா முகூர்த்த நாள் விடிகாலை முதல் பஸ்ஸில் ஒருமுறை வீட்டுக்கு வந்து எங்களைப் பள்ளிக்குக் கிளப்பிவிட்டு, மறுபடி ஓடுவாள். வரும்போது கையில் ஒரு பெரிய தூக்கு, இடுப்பில் ஒரு குண்டான்.

மண்டபத்தில் ஒரு வழக்கம் உண்டு. மீந்த சோறு, சாம்பாரெல்லாம் மாடு வைத்திருப்பவர்களுக்குப் போகும். இனிப்பு மட்டும் பாத்திரம் கழுவும் பெண்களுக்கு. கல்யாண வீட்டார் மீந்த இனிப்பை வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டார்கள். எடுத்தால் கௌரவக் குறைச்சல். அதனால் சமையல் மாஸ்டர் அண்டாவைச் சாய்த்து, கரண்டியால் பங்கு போட்டுவிடுவார். அந்த மாசியில் முகூர்த்தம் வரிசை கட்டி நின்றது. வாரத்தில் மூன்று நாள் தூக்கு நிரம்பியது.

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. அம்மாவிடம் ஒரு சட்டம் இருந்தது.

"எது மொதல்ல ஊசுமோ அது மொதல்ல. அப்பதான் எதுவும் வீணாவாது."

கேட்பதற்கு எவ்வளவு அறிவான சட்டம்! நடந்தது என்னவென்றால், விடிகாலையில் பல் தேய்த்த கையோடு பால் பாயசம். ராத்திரி முழுக்க ஊறி, சேமியா விரல் பருமனுக்கு உப்பி, மேலே மஞ்சளாக ஆடை படர்ந்திருக்கும். கரண்டியைப் போட்டால் ஆடை அப்படியே துணி மாதிரி எழும்பி வரும். இன்னும் புளிக்கவில்லை, புளிக்கப் போகிறது என்கிற ஒரு கட்டத்தில் அது இருக்கும். அந்தக் கட்டத்துக்கு ஒரு வாடை உண்டு. ஏலக்காய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நிற்கும் வாடை. இன்றைக்கும் டீயில் ஏலக்காய் தட்டிப் போட்டால் நான் டம்ளரைத் தள்ளி வைத்துவிடுகிறேன்.

பாயசம் முடிவதற்குள் பிரெட் அல்வா தன் முறைக்கு வந்துவிடும். மத்தியானம் பள்ளியிலிருந்து வந்தால் அது நூல் விட்டிருக்கும். அதைத் தின்று தீர்ப்பதற்குள் கேசரி கட்டி தட்டி, ஓரமெல்லாம் டால்டா வெள்ளையாக உறைந்திருக்கும். வாயில் போட்டால் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். நாக்கால் சுரண்டிச் சுரண்டி எடுக்கவேண்டும். பாதுஷாவுக்கு ஆயுசு கெட்டி. அதனால் அது கடைசி. எறும்புக்குப் பயந்து தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் டப்பாவை வைத்து, அதில் பாதுஷா. அதன் முறை வருவதற்குள் அதுவும் சிக்கெண்ணெய் வாடை அடித்துவிடும். அதற்குள் அடுத்த முகூர்த்தம், அடுத்த தூக்கு, மறுபடி பாயசம். யோசித்துப் பாருங்கள். மூன்று மாதம் இனிப்பிலேயே கிடந்தோம், ஒரு நாள்கூட ஒரு பாதுஷாவை அது பாதுஷாவாக இருக்கும்போது தின்றதில்லை.

தங்கச்சி கெட்டிக்காரி. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள். எனக்கு அது வரவில்லை. எனக்கு வாடை காதுவழியாகக்கூட ஏறியது.

இதில் இன்னொன்று. அந்த மலிவுக் கேசரிப் பவுடர் கையில் ஒட்டினால் போகாது. என் வலது கையில் மூன்று விரல்கள் ஆரஞ்சு நிறமாகவே இருந்தன. "இன்னாடி, மருதாணி மூணு வெரலுக்குத்தான் கெடச்சுதா?" என்று கேட்டது நம்மில் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. பெயர் சொல்லமாட்டேன்.

இப்போது சாருக்கு வருகிறேன். நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் போர்டில் ஒரு ஆங்கிலத் தொடரை எழுதி, அர்த்தம் சொல்லி, "உன் சொந்த வாழ்க்கைலேர்ந்து நாலு வரி எழுதினு வா" என்பார். அந்த மாசியில் ஆண்டு விழா வந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை போர்டில் எழுதிய தொடர்தான் இந்த டூ மச் ஆஃப் எ குட் திங். யாருடைய நாலு வரி சரியாக இருக்கிறதோ அவர் அதை மேடையில் மைக் பிடித்து, கல்வி அதிகாரி முன்னால் படிக்கவேண்டும் என்றார்.

எனக்கு அந்த மைக் வேண்டும். வேறு எதையும் அந்த வயதில் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து மேடை தெரியாது என்று அம்மா ஒருமுறை சொல்லியிருந்தாள். நாதஸ்வரச் சத்தத்தை வைத்துத்தான் தாலி கட்டியாகிவிட்டது என்று தெரிந்துகொள்வார்களாம். ஒரு நாள் அவள் எதிரே உட்கார்ந்து, மேடையில் நடப்பதைப் பார்க்கவேண்டும். அதில் நான் நிற்கவேண்டும்.

நீங்களெல்லாம் கிரிக்கெட், மொபைல், மாம்பழம் என்று எழுதினீர்கள். நான் நாலே வரி எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி: என் அம்மா கல்யாண மண்டபத்திலிருந்து தினமும் பாயசம் கொண்டுவருகிறாள். முதல் நாள் மகிழ்ச்சியாக இருந்தது. இன்று பதினேழாவது நாள், கனவில்கூட பாயசம் வந்து நான் வாயை மூடிக்கொண்டேன். இதுதான் டூ மச் ஆஃப் எ குட் திங்.

சார் ஸ்டாஃப் ரூமில் அதைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"இங்கிலீஷ் சுத்தமா இருக்குமா. தொடரும் சரியான எடத்துல உக்காந்திருக்கு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"ஆனா உண்மையா இருக்கணும் இல்ல?"

"உண்மைதான் சார்."

"இங்க பாரு. நல்லது ஜாஸ்தியாப் போவணும்னா மொதல்ல அது வூட்ல இருக்கணும். உங்க அப்பா கரும்பு வெட்டப் போயிருக்காரு, அம்மா கூலிக்குப் போவுது. எனக்குத் தெரியாதா? இது வசதியா இருக்கறவங்க எழுத வேண்டியது." குரலைத் தாழ்த்தினார். "நீ இல்லாமையப் பத்தி எழுதும்மா. பசியப் பத்தி. ஆபீசரு மனசத் தொடும்."

நோட்டை அவர் பக்கம் நீட்டியிருந்த என் கையில் மூன்று விரலும் ஆரஞ்சாக இருந்தன. அவர் கண்ணுக்கு நேரே. அவர் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை. பாத்திரம் கழுவுகிறாள் என்கிற வார்த்தையை அந்த நாலு வரியிலும் நான் எழுதாமல் மறைத்திருந்தேன் என்பது இப்போது உறைக்கிறது. அதை எழுதியிருந்தால் அவர் நம்பியிருப்பாரோ என்னவோ.

பசியைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. அந்த மாதம் எனக்குப் பசிக்கவே இல்லையே! பசித்தால் தேவலை என்றுதான் இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு பொய் எழுதினேன். சென்னையில் இருக்கும் மாமா பிறந்தநாளுக்குக் கேக் வாங்கிவந்ததாகவும், நான் ஒரே ஆளாக முக்கால்வாசியைத் தின்று வயிறு வலித்துப் படுத்ததாகவும். எனக்குச் சென்னையில் மாமா இல்லை. அதுவரை நான் கேக்கைக் பேக்கரிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்துதான் பார்த்திருந்தேன்.

"ஆங், இது நம்பற மாதிரி இருக்கு. மாமா வாங்கியாந்தாரா, சரி" என்றார் சார். டிக் போட்டார். தன் பேனாவையே எனக்குக் கொடுத்தார்.

ஆண்டு விழாவுக்கு அம்மா வந்தாள். மூன்றாவது வரிசை. நான் மைக்கில் அந்தப் பொய்யை அழகான உச்சரிப்பில் படித்தேன். அதிகாரி சிரித்தார், நீங்கள் விசில் அடித்தீர்கள், அம்மா எல்லோரும் கைதட்டி முடித்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டாள்.

"மேடைல இன்னாடி சொன்ன? அந்த ஆபீசரு அப்படி சிரிச்சாரு."

"கேக்கு பத்திம்மா. கேக்கு ஜாஸ்தி சாப்ட்டா இன்னா ஆவும்னு."

"நீ எங்க கேக்கு சாப்ட்ட?"

"சாப்டல. சும்மா எழுதனது."

அவள் என்ன நினைத்திருப்பாள் என்று எனக்கு அப்போது ஓடவில்லை. என் பெண் கேக்குக்கு ஏங்கி மேடை ஏறிச் சொல்லுகிற அளவுக்குப் போய்விட்டாள் என்று நினைத்திருக்கிறாள்.

நாலாம் நாள் நாம் மலைமேல் இருக்கும் கரியாலூருக்கு டூர் போனோம். அன்று விடிகாலை முதல் பஸ்ஸில் வந்த அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம். குண்டானின் மூடியைத் திறந்தாள். உள்ளே கேக். ரிசப்ஷனில் மாப்பிள்ளையும் பெண்ணும் வெட்டியதில் மீந்த பாதி. க்ரீமில் எழுதியிருந்த பெயர் நடுவில் அறுந்து போய், யாருடைய பெயர் என்றே தெரியவில்லை. பஸ் சூட்டில் உருகி, ரோஸ் நிறப் பூ ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தது. மேடையில் டப்பென்று வெடிப்பார்களே, அந்த ஜிகினாத் துண்டுகள் க்ரீம் முழுக்க ஒட்டியிருந்தன. யாரோ அடித்த நுரை ஸ்ப்ரேயின் சோப்பு வாடை வேறு. ஒரு ஓரத்தில் யாருடையதோ விரல் பதிந்திருந்த பள்ளம். ஆழமாக, நகத்தடம் தெரிய.

"மாஸ்டர்கிட்ட கேட்டு வாங்கியாந்தேன்டி" என்றாள். "இத்தினி வருசத்துல ஒண்ணு வேணும்னு நான் வாயத் தொறந்து கேட்டதில்ல. கேட்டுட்டேன். துன்னு."

"டூருக்குப் போய்ட்டு வந்து..."

"க்ரீமுடி. இதான் மொதல்ல ஊசும். துன்னுட்டுக் கெளம்பு."

தங்கச்சி பூவை மட்டும் பிய்த்துக்கொண்டு கொல்லைக்கு ஓடிவிட்டாள். நான் தின்றேன். அம்மா எதிரே குந்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். ஜிகினாவைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தேன். முழுவதும் எடுக்க முடியவில்லை. அந்தப் பள்ளத்தையும் தின்றேன். "நல்லாக்கீதா?" என்றாள். "நல்லாக்கீதும்மா" என்றேன்.

கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலையேறும்வரை தாக்குப் பிடித்தேன். மூன்றாவது வளைவோ நாலாவதோ. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவதற்குள் பாதி உள்ளேயே வந்துவிட்டது. ரோஸ் நிறத்தில். அதில் ஜிகினா மினுக்கியது. பின்சீட்டிலிருந்து ஒருவன் கத்தினான், "டேய், இவ தங்கம் கக்கறாடா!" பஸ்ஸே குலுங்கியது. நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள்.

சார்தான் ஓடிவந்து தண்ணீர் கொடுத்து நெற்றியைத் தாங்கிப் பிடித்தார். "இன்னாம்மா சாப்ட்ட காலைல?"

"கேக்கு சார்."

ஒரு கணம் அவர் முகம் மலர்ந்ததே, அதை நான் மறக்கமாட்டேன். ஒரு ஆசிரியருக்குப் பாடம் கண்முன்னே நடந்தால் வரும் சந்தோஷம். பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "பாத்துக்குங்க பசங்களா! அன்னிக்கு மேடைல சொன்னத இன்னிக்குச் செஞ்சே காட்டிட்டா. டூ மச் ஆஃப் எ குட் திங்! மாமா மறுபடி வாங்கியாந்தாரா?"

நான் தலையாட்டினேன். இத்தனை வருஷம் ஆங்கிலம் படித்துவிட்டுச் சொல்கிறேன், அதைவிடச் சரியாக அந்தத் தொடரை யாரும் பயன்படுத்த முடியாது. நான் உண்மையை எழுதியபோது நம்பாதவர், என் பொய்யை நம்பி, மண்டபத்து மிச்சத்தைத் தின்று வந்த வாந்தியின்மேல் அந்தத் தொடரைத் தூக்கி வைத்தார். அவர் கையில் என் வாந்தி வழிந்துகொண்டிருந்தது. கரியாலூரில் எல்லோருக்கும் பலாப்பழம் வாங்கி அறுத்தார்கள். நான் அந்த வாடை வராத தூரத்தில், அருவிச் சத்தம் கேட்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்குக் கேக்கின்மேலோ சாரின்மேலோ வந்ததைவிட என் மேலேயே அருவருப்பு ஜாஸ்தியாக வந்தது.

அந்த அருவருப்பை வைத்துக்கொண்டும் நான் சும்மா இருக்கவில்லை. கல்லூரியில் ஒரு பேச்சுப் போட்டி. அம்மாவின் தியாகம் பற்றிப் பேசினேன். மண்டபத்து இனிப்பையெல்லாம் எங்களுக்கே ஊட்டிவிட்டு, தான் ஒரு வாய்கூடத் தின்னாமல் கிடந்தவள் என்று. முதல் பரிசு. அது பொய் என்று எனக்கு அப்போது தெரியாது. போன மாதம் கல்யாணம் முடிந்து டவுன் பஸ்ஸில் வரும்போதுதான் தெரிந்தது.

"ஏம்மா, பாயசம் உனக்குப் புடிக்காதா?"

"மின்ன புடிக்கும். அண்டா அண்டாவா அடி சுரண்டிக்கினே கெடந்தா எவளுக்குப் புடிக்கும்? நகத்துக்குள்ளல்லாம் பாலு ஊசன வாடை. சோத்த எடுத்து வாய்கிட்ட கொண்டாந்தா கொமட்டிக்கினு வரும். வெறும் ஊறுகா நக்கிக்கினு கெடந்தேன்."

"அப்ப எங்களுக்காகத்தான் துன்னாம இருந்தன்னு நெனச்சேனே!"

"உங்களுக்காக இன்னாத்துக்கு? எனக்கு எறங்கல. புள்ளைங்களுக்குப் புடிக்குதேன்னு தூக்கியாந்தேன்."

"எங்களுக்கும் கொமட்டுச்சும்மா."

அம்மா திரும்பி என்னை முறைத்தாள். அப்படி ஒரு முறைப்பு. "அடிப்பாவி. சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா? பஸ் ஸ்டாண்டுலேர்ந்து வூட்டுக்கு அந்தத் தூக்க இந்தக் கை மாத்தி அந்தக் கை மாத்தி... இடுப்பே போச்சு எனக்கு."

"உன் மூஞ்சியப் பாத்தா எப்படிச் சொல்றது?"

"என் மூஞ்சிக்கு இன்னா. கொமட்டல அடக்கிக்கினு இருந்த மூஞ்சிடி அது."

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே குண்டானைச் சுற்றி மூன்று பேர் குந்தி, மூன்று பேருக்கும் குமட்ட, ஒருத்தருக்காக ஒருத்தர் வாய்திறக்காமல் மூன்று மாதம்.

ஞாயிற்றுக்கிழமை விழா. கேக் எத்தனை கிலோ என்று குரூப்பில் ஓட்டெடுப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. நான் இன்னும் ஓட்டுப் போடவில்லை, போடவும் மாட்டேன். கேக் வெட்டுவதற்கு முன்னால் எனக்கு மைக் வேண்டும், ஐந்து நிமிடம். அன்று சார் வேண்டாமென்ற நாலு வரியை ஆங்கிலத்தில் மறுபடி எழுதி, சார் முன்னால் படிக்கப் போகிறேன். இந்தமுறை பாத்திரம் கழுவுவது முதல் வரியிலேயே வரும். அவர் மறுபடி "உண்மையா?" என்று கேட்டால் பதில் சொல்ல அம்மாவை முன்வரிசைக்குக் கூட்டி வருகிறேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டாள், ஒரே நிபந்தனையோடு: "கேசரி போட்டா நான் எந்திரிச்சி வந்துருவேன்."

முதல் வரி இன்னும் சரியாக வரவில்லை. என்னுடைய பதினேழு நாளை வைத்து ஆரம்பித்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. அந்தத் தொடர் என்னைவிட அவளுக்குத்தான் பொருந்துகிறது. நாளைக் காலை அம்மா வெறும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது நோட்டோடு போய்ப் பக்கத்தில் உட்காரப் போகிறேன். நகத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் தமிழில் அவளுக்குத் திருப்பிப் படித்துக்காட்டி, "இது சரியாம்மா?" என்று கேட்கப் போகிறேன். டிக் போடவேண்டியது அவள்தான். சார் அன்று கொடுத்த பேனா இருக்கிறது. மை மட்டும்தான் வாங்கவேண்டும்.